முன்வண்டி விலகவில்லை

நிறுத்தத்தில் நின்று நின்று கால் கடுத்துப்போனவர்கள் ஓட்டுநரைத் திட்டுவார்கள், மழையைத் திட்டுவார்கள், அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள். என்னைத் திட்ட இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அந்த வகையில் நான் அதிர்ஷ்டசாலி. ஏனென்றால் எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தை எத்தனை நிமிடத்தில் தொட வேண்டும் என்று எழுதிவைக்கிற ஆள் நான்தான். டிப்போவின் இரண்டாவது மாடியில், துடைக்காத ஜன்னலுக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை. எழுபத்தாறு வண்டிகளின் நாளை நிமிடம் நிமிடமாக வெட்டித் தைத்துக் கொடுக்கிற நான், என்னுடைய நாளை மட்டும் பொத்தான் இல்லாத சட்டை மாதிரி பறக்கவிட்டிருந்தேன்.

இதை என் கைப்பேசிதான் போட்டுக்கொடுத்தது. ஒரு திங்கட்கிழமை காலை அது தானாகவே ஓர் அறிக்கை காட்டியது: போன வாரம் தினமும் சராசரியாக நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் நான் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். அதில் பாதிக்கு மேல், முன்பின் தெரியாத ஒருவர் அழுக்குக் கம்பளங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வீடியோ. எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது.

நாற்பத்தாறு வயது. தொப்பை, நரை, பாதியில் நிறுத்திய மொழி வகுப்பு, முதல் அத்தியாயத்தைத் தாண்டாத ஒன்பது புத்தகங்கள். இனியும் இப்படியே விட்டால் தேறமாட்டேன் என்று பட்டது. திருந்திவிடுவது என்று முடிவு செய்தேன். திருந்துவதற்கு அட்டவணை வேண்டும். அட்டவணை போட என்னை விட்டால் ஆள் ஏது?

டிப்போவின் கட்டம் போட்ட தாளை எடுத்து, நான்கு வண்ணப் பென்சிலில் போட்டேன். காலை ஐந்தரைக்கு எழுவது. ஐந்து நாற்பதுக்கு உடற்பயிற்சி. ஆறேகாலுக்குத் தேநீர், சர்க்கரை இல்லாமல். ஆறரைக்கு அந்நிய மொழி. ஆறு ஐம்பதுக்கு மூச்சுப் பயிற்சி. ஏழு மணிக்குப் பத்துப் பக்கம் வாசிப்பு. ஏழு இருபதுக்கு நாட்குறிப்பு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். அழகாக இருந்தது.

பதினான்கு வயது மகள் பால் எடுக்க வந்தவள் நின்று படித்தாள். மேலிருந்து கீழ்வரை, விரலை வைத்து.

"அப்பா, இதுல பல் தேய்க்க நேரமே இல்லையே."

"அது தனியா எழுதணுமா? தானா நடக்கும்."

"தானா நடக்குற ஆளுக்கு எதுக்குப்பா அட்டவணை?"

அவளுக்கு அம்மா வாய்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவி செவிலியர். ஒரே மருத்துவமனை, ஒரே எலும்பு முறிவு வார்டு, பதினெட்டு வருடம். அங்கே இருக்கிற இருபத்து நான்கு கட்டில்களும் அவள் சொல்படிதான் நகரும். ஆனால் பதவியில் அவள் சாதாரண நர்ஸ்தான். தலைமை நர்ஸ் ஆவதற்கு ஒரு தேர்வு உண்டு. மொத்தம் மூன்று முறைதான் எழுதவிடுவார்கள். முதல் முறை மகளுக்கு அம்மை போட்டிருந்த நேரம். ஒன்றும் படிக்காமல் போய் எழுதினாள். இரண்டாவது முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. இப்போது மூன்றாவது முறை. நான் திருந்த ஆரம்பித்த அன்றைக்கு, அவளுடைய தேர்வுக்குச் சரியாக ஐம்பத்திரண்டு நாள் இருந்தது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, நான் கைபிடிச்சு ஊசி போடக் கத்துக்குடுத்த பொண்ணு நாளைக்கு எனக்கு வேலை சொல்லும்," என்றாள் ஒருநாள், சட்டைகளை மடித்துக்கொண்டே. "சொல்லட்டும். நல்ல பொண்ணுதான். ஆனா நான் தோத்துட்டு அங்க நின்னு கேட்டுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

அவளுக்குக் கிடைக்கிற நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான். படுக்கையறையில் ஜன்னலோரம் மடக்கு மேசையை விரித்து, முழங்கை உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு உட்காருவாள். பத்தொன்பது அத்தியாயங்கள். அப்புறம் சமையல், மகளின் பள்ளி, ஒன்பது மணிக்கு வார்டு. மாலையில் வந்தால் உடம்பு புத்தகத்தைத் தூக்காது.

ஆக, எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் முன்னேற ஆரம்பித்தோம்.

தற்பெருமை என்று நினைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன்: முதல் பதினொரு நாள் நான் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. ஐந்து நாற்பது என்றால் ஐந்து நாற்பதுக்குத் தரையில் இருந்தேன். ஆறரைக்கு அந்நிய மொழியில் 'என் மாமா ரயில் நிலையத்தில் ஆப்பிள் சாப்பிடுகிறார்' என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கு மாமா கிடையாது, ஆனாலும் சொன்னேன். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சைப் பென்சிலால் ஒரு சரி போட்டேன். டிப்போவில் நடக்கும்போதுகூட நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் போனது.

ஆனால் என் மனைவி நான்காவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "என்னம்மா, பதினொரு நாள்ல நாலுதான் ஆச்சா?"

"ம்."

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இருக்கே."

"இருக்கு."

"நேரம் எங்க போகுதுன்னு ஒரு பிடி இருக்கணும். பாரு, என்னோடதை எப்படி..."

மகள் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ரொட்டியைச் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டாள். 

"கவலையே படாத. நான் பாத்துக்கறேன்," என்றேன் பெரிய மனது பண்ணி.

ஒரு வண்டி தினமும் தாமதமானால் டிப்போவில் என்ன செய்வோம்? ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கத்துவதில்லை. அது பழைய காலம். ஓர் ஆளைத் தாளும் பென்சிலுமாக அந்த வண்டியில் ஏற்றிவிடுவோம். எங்கே நின்றது, எத்தனை நிமிடம், ஏன் என்று மூன்று வரிசையில் எழுதிக்கொண்டு வருவார். அப்புறம் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு குறி எண் போடுவோம். ஒன்று, நெரிசல். இரண்டு, பயணிகள் ஏறி இறங்கியது. மூன்று, பழுது. இப்படிப் பதினொன்று வரை உண்டு. தாமதத் தாள் என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, ஒரு தாமதத் தாளை அட்டையில் செருகிக்கொண்டு கூடத்தில், படுக்கையறைக் கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். என்னுடைய அட்டவணைக்கு விடுமுறை விட்டேனா என்றால், அதுதான் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அவள் எழுந்து வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் குறித்துக்கொண்டேன். அலுவலக நடையிலேயே எழுதினேன், பழக்கம் விடவில்லை. ஏழரைக்கு எண்ணிப் பார்த்தால் பதினான்கு நிறுத்தம். நூற்றிருபது நிமிடத்தில் அறுபத்தொன்று காலி. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஒரு மனுஷி இவ்வளவு நேரத்தை வீணடிப்பாளா!

குறி எண் போடுவது என் துறை அல்ல. அதற்கு, மணிக்கூண்டு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார். ஆறே கால் அடி உயரம். நிமிர்ந்து பார்த்துப் பேசினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். முப்பது வருடமாகத் தாமதத்தைத் துப்புத் துலக்குகிற ஆள். மறுநாள் காலை தாளை அவர் மேசையில் வைத்து, "நமக்கு வேண்டிய ஒரு வண்டி. தினமும் லேட்டு. கொஞ்சம் பாருங்க," என்றேன். மேலே விவரம் சொல்லவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஐந்து நாற்பத்தொன்று. உடற்பயிற்சிப் பாய் இருக்குமிடம் வினவப்பட்டது. மூணு நிமிஷம்." என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐந்து ஐம்பத்தெட்டு. வயிற்றுப் பயிற்சிக்குக் கால்களைப் பிடித்துக்கொள்ள அழைக்கப்பட்டார். ஒம்பது நிமிஷம். ஆறு பதினைந்து, தேநீர் கோரப்பட்டது. ஆறு இருபத்திரண்டு, தேநீரில் சர்க்கரை இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. ஆறு முப்பத்தொன்று..."

"உச்சரிப்பு," என்றேன்.

"உச்சரிப்பு சரியா என்று கேட்டுச் சொல்லும்படி பணிக்கப்பட்டார்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஏழு இரண்டு, பள்ளித் தாளில் கையெழுத்து. இது வேற. ஏழு பத்து, மாடி வீட்டுக்காரர் வந்து சாவி கேட்டார். இதுவும் வேற. ஏழு இருபது..."

அங்கே நிறுத்திவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"படிங்க, என்ன?"

"ஏழு இருபது. படிப்பு நடக்கிறதா என்று விசாரிக்கப்பட்டது. நாலு நிமிஷம்."

பேனாவை எடுத்து ஓரத்தில் மளமளவென்று எழுதினார். ஏழு, ஏழு, ஏழு, ஏழு. பதினான்கில் பதினொன்று ஏழு. ஏழாம் குறி என்றால் 'முன்வண்டி விலகவில்லை'. நிறுத்தத்தில் முன்னால் நிற்கிற வண்டி நகராததால் பின்னால் வந்த வண்டி மாட்டிக்கொண்டு நிற்பது.

"வண்டி நல்ல வண்டி சார்," என்றார் மணிக்கூண்டு. "ஓட்டுறவங்க மேலயும் தப்பில்ல. முன்னாடி நிக்குது பாருங்க ஒண்ணு, அதுதான் எடத்தை அடைச்சிட்டு நிக்குது. யாரு சார் இந்த முன்வண்டி?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே முற்றத்தில் யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரத்துக்கு ஓடுற வண்டிங்க அது," என்றேன் மெதுவாக. "ஒரு நிமிஷம் பிசகாது."

"அப்படித்தான் சார் இருக்கும்," என்றார் அவர்.

எனக்கு அது தெரியாததா? ஒவ்வொரு டிப்போவிலும் அப்படி ஓர் ஓட்டுநர் உண்டு. தன்னுடைய நிமிடம் வரும்வரை நிறுத்தத்தை விட்டு அசையமாட்டார். பின்னால் ஐந்து வண்டி ஒலிப்பானை அழுத்திக்கொண்டு நிற்கும். இவர் பாட்டுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாளில் அவர் பெயருக்கு நேராக ஒரு தாமதம்கூட இருக்காது. வருடக் கடைசியில் பாராட்டுக் கடிதம் வேறு கொடுப்போம். நானே நாலைந்து அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலை மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை நீட்டிவிட்டேன். ஒத்திப்போட்டால் தைரியம் போய்விடும். நின்றபடியே படித்தாள். பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"'சர்க்கரை இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது'! ஏங்க, இதை யார்கிட்ட காட்டினீங்க?"

"மணிக்கூண்டுகிட்ட."

"அடக் கடவுளே."

"உனக்குத் தெரியும்தானே? நான்தான்னு."

"தெரியாம என்ன?"

"அப்போ சொல்றதுக்கென்ன? ஒரு வார்த்தை!"

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். "சொல்லலாம்னுதான் தினமும் நினைப்பேன். காலைல பாத்தா நீங்க அந்தப் பச்சைப் பென்சிலை வெச்சுக்கிட்டு, ஸ்கூல் பையன் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு... எத்தனை வருஷம் ஆச்சு உங்களை அப்படிப் பாத்து? மனசு வரலைங்க."

"அதுக்காகப் பரிட்சையை விட்டுடுவியா?"

"நான் எங்க விட்டேன்? போகும்போதும் வரும்போதும் பஸ்ஸ்டாப்புல நின்னு படிச்சேன். உங்க புண்ணியத்துல அதுவும் நேரத்துக்கு வர்றதில்ல. நல்லாவே படிக்க முடிஞ்சுது."

உள்ளே போய் அட்டவணையைக் கிழித்தேன். கிழிக்கும்போது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். நான்கு வண்ணம் அல்லவா? புதுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்: ஐந்தரை முதல் ஏழரை வரை அவளைக் கூப்பிடக் கூடாது.

மகள் வந்து பார்த்தாள். "இது நடக்குமா?"

"நடக்கும்."

"நான் செக் பண்ணுவேன்."

சொல்வது எளிது. மறுநாள் ஐந்து நாற்பத்தைந்துக்கே வாய் 'ஏம்மா' என்று திறந்துவிட்டது; 'ஏ' வெளியே வந்துவிட்டது, மிச்சத்தை விழுங்கினேன். கூடத்தில் இருந்து மகள் விரலை ஆட்டினாள். பிறகு அவள்தான் ஒரு வழி சொன்னாள். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிவைப்பது, ஏழரைக்கு மொத்தமாகக் கேட்பது. முதல் நாள் பதினெட்டுக் கேள்வி சேர்ந்தது. 'என் நீலச் சட்டை எங்கே?' என்பது நான்காவது. ஏழரைக்குள் அதில் பதினைந்தை நானே அடித்துவிட்டேன். நீலச் சட்டையை நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சில வாரங்களில் என் வீட்டை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். அறிமுகம் செய்தது மகள். 'இது இஸ்திரிப் பெட்டி, சுடும்' என்கிற அளவில். தேயிலை எந்தப் புட்டியில், முட்டை எத்தனை நிமிடத்தில் வேகும், அழுத்திச் சாத்தினால்தான் சாத்துகிற கதவு எது, என் காலுறைகள் பதினாறு வருடமாக எந்த இழுப்பறையில் வாழ்கின்றன எல்லாம் தெரிந்தது. காலை இரண்டு மணி நேரம் கைப்பேசியை எடுக்கவும் முடியாது. கம்பளம் கழுவுகிறவரின் தண்ணீர்ச் சத்தம் கதவைத் தாண்டும். அதனால் மகளின் சீருடை, மனைவியின் சீருடை, என் சட்டை மூன்றுக்கும் இஸ்திரி போட ஆரம்பித்தேன். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்கும். சில சமயம் அவள் தனக்குத் தானே முணுமுணுப்பதும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கழுத்துப்பட்டியைத் தேய்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. தேர்வுக்கு இருபத்தைந்து நாள் இருந்தபோது பதினோராவது அத்தியாயம். பதினைந்து நாள் இருந்தபோது பதினாறு.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோது கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஆறு மணி இருக்கும். மகளின் பாவாடை மடிப்பில் கவனமாக இருந்தவன், இஸ்திரிப் பெட்டியின் மேலேயே இடது கையை ஊன்றிவிட்டேன். கத்த வாய் திறந்தது. சுவரில் இருந்த அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு கூடத்தில் நான்கு சுற்று ஓடினேன். மகள் எழுந்து வந்து, "அப்பா, உடற்பயிற்சி மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்றாள். கையைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவைக் கூப்பிடவா?"

"மூச்! கூப்பிடாத. பதினெட்டாவது அத்தியாயம் போயிட்டிருக்கு."

பற்பசை தடவினால் குளுகுளுவென்று இருக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். தாராளமாகத் தடவினேன். மகள் ஒரு துண்டை எடுத்துச் சுற்றினாள், அதன் மேல் இன்னொரு துண்டு, அதன் மேல் பள்ளி ரிப்பன். குத்துச்சண்டைக்குப் போகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். ஏழரை வரை சோபாவில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்நிய மொழியில் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினேன். அன்றைக்குத்தான் அந்த மொழி முதல் முறையாக எனக்குப் பயன்பட்டது.

ஏழரைக்குக் கதவைத் திறந்தாள். கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ரிப்பனை அவிழ்த்தாள், துண்டை அவிழ்த்தாள், அடுத்த துண்டை அவிழ்த்தாள். புதினா வாசனை வந்தது.

"என்னது இது?"

"பற்பசை."

"எப்போ பட்டுது?"

"ஆறு மணிக்கு."

"ஆறு மணிக்கா!" மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒன்றரை மணி நேரமா கதவுக்கு இந்தப் பக்கம் பதினெட்டு வருஷ நர்ஸ் உக்காந்திருக்கா, அந்தப் பக்கம் நீங்க பற்பசை தடவிட்டு உக்காந்திருந்தீங்களா? உங்களுக்கு அறிவு இருக்கா? ஏண்டி, நீயாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"மூச்சுன்னாரும்மா," என்றாள் மகள்.

"உன் நேரம் வீணாகுமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடுங்க. எந்திரிங்க."

என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, கையை அதன் கீழே பிடித்தாள். பற்பசை கரைந்து ஓடியது. கையை எடுக்கப் போனேன். "இருபது நிமிஷம். அசையக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது, கண்டதைப் பூசக் கூடாது. தானா வந்த கொப்புளத்தை உடைக்கக் கூடாது..." கோபத்தில் ஆரம்பித்தவள், நடுவில் குரல் மாறி, மடமடவென்று தீக்காய அத்தியாயம் முழுவதையும் சொல்லிக்கொண்டே போனாள். உடம்பில் எத்தனை பங்கு சுட்டால் எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும், எதை எதை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். மகள் ஓடிப்போய் எடுத்துவந்த புத்தகத்தை நான் இன்னொரு கையால் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஒரு வரி விடவில்லை.

"ஒரு இடத்துல தப்பு," என்றேன் சும்மா.

"எங்க?" பதறிப்போனாள்.

"இல்ல. முகத்தைப் பாக்கணும்னு சொன்னேன்."

தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் கையை விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தோள் என் தோளை இடித்துக்கொண்டு இருந்தது. பள்ளிக்கு நேரமாயிற்று என்று மகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தாள். அன்று மூன்று பேரும் தாமதம். எந்தக் குறியும் போடவில்லை.

அன்று மாலையே அந்த ஒரு வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்தது: ரத்தம், தீ, மயக்கம் இருந்தால் கூப்பிடவும்.

தேர்வு நாளில் அவள் பதற்றமில்லாமல் போய்ப் பதற்றமில்லாமல் வந்தாள். நான்தான் டிப்போவில் ஒரு வண்டியை இல்லாத தெருவுக்கு அனுப்பிவைத்தேன்; மணிக்கூண்டு கண்டுபிடிக்க, இரண்டு பேருமாக யாருக்கும் தெரியாமல் திருத்தினோம். முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்கொரு மூலையில் நின்று மனதுக்குள் கூட்டிக் கழித்தோம்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். டிப்போ மாடிப்படியில் மூச்சிரைக்க யாரோ ஏறி வருகிற சத்தம். பார்த்தால் அவள், சீருடையோடு. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் அலுவலகத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரு. தண்ணி குடி. போனா என்ன, வேற..."

"பாஸ்," என்றாள். "எண்பத்தொண்ணு. அறுபது போதும். எண்பத்தொண்ணு!"

நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மேசையைச் சுற்றி அவளிடம் போவதற்குள் தாள்கள் இரண்டு கட்டு கீழே விழுந்தன. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அலுவலகம் அல்லவா? மணிக்கூண்டு தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"வாழ்த்துகள் மேடம். உங்களை நேர்ல பாத்ததில்ல. ஆனா உங்க வண்டி எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் முதலில் விழித்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கணக்கர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை மணிக்கூண்டு அவளுக்குப் போட்டார். நான் கீழே விழுந்த தாள்களைப் பொறுக்குகிற மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. பழக்கதோஷத்தில் ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

எனக்கு ஓர் ஆசை. தேர்வுதான் முடிந்துவிட்டதே. "ஏம்மா," என்றேன், "ஒரு தேநீர்..."

"மணி என்ன?"

"ஐந்தரை."

"ஏழரை வரைக்கும் என் நேரம்."

"பரிட்சைதான் முடிஞ்சுதே!"

"பரிட்சைதாங்க முடிஞ்சுது. என் நேரம் எங்க முடிஞ்சுது?" போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. அழுத்திச் சாத்தணும்."

இரண்டு நிமிடத்தில் மெல்லிய குறட்டை வந்தது. பூனை நடை நடந்து வெளியே வந்து, கதவை அழுத்திச் சாத்தினேன். மகளும் எழுந்துவந்திருந்தாள். இரண்டு பேரும் அடுப்பங்கரை மேசையில் தேநீர் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ யாரோடோ பேசுவதில்லையாம். அதன் முழு வரலாறும் கேட்டேன்.

ஆறு பத்துக்கு மனைவியின் கைப்பேசி அடித்தது. மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்தேன். வார்டிலிருந்து. இளம் குரல்.

"மேடம் இருக்காங்களா சார்? அவசரம் ஒண்ணும் இல்ல. புதுப் படுக்கை விரிப்பு வெச்சிருக்கிற அலமாரி சாவி எங்க இருக்குன்னு கேக்கணும்."

அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். அதே தொனியில் நான் இந்த வீட்டில் பதினாறு வருடம் பேசியிருக்கிறேன்.

"தேடிப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார்."

"இழுப்பறையைத் திறந்து, மேல இருக்கிற சாமானை எடுத்து வெளிய வெச்சிட்டுப் பாத்தீங்களா? இல்ல, திறந்து எட்டிப் பாத்தீங்களா?"

எதையோ உருட்டுகிற ஒலி. "கிடைச்சிடுச்சு சார்," என்றது குரல், கொஞ்சம் அசடு வழிய. "மேடம் எழுந்ததும் சொல்லுங்க சார், வாழ்த்துச் சொன்னேன்னு. இல்ல, முழிச்சிருந்தா நானே ஒரு நிமிஷம்..."

"மேடம் முக்கியமான வேலைல இருக்காங்க," என்றேன். "ஏழரைக்கு மேல கூப்பிடுங்க."

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். மகள் தேநீர்க் கோப்பைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா அது அவ்வளவு முக்கியமான வேலை?"

"மெதுவாப் பேசு," என்றேன். "தூங்குறாங்க."